பொட்டு வைத்த மூன்று எழுத்துகள்

கீபோர்டின் மேல் கிடந்த சாமந்திப் பூவை எடுத்து மானிட்டரின் தலையில் வைத்துவிட்டு, ஆதிநாராயணன் இடக்கை ஆள்காட்டி விரலால் g என்ற எழுத்தைத் தட்டினார். பிறகு வலக்கை முஷ்டியைத் தூக்கி என்டர் மேல் வைத்து அழுத்தினார். திரையில் ஒரு வரி வந்தது.

-bash: g: command not found

அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்கிறது கம்ப்யூட்டர். மறுபடியும் தட்டினார். அதே வரி. t தட்டிப் பார்த்தார், s தட்டிப் பார்த்தார். எழுத்து மட்டும் மாறியது, பதில் மாறவில்லை.

ஜூன் மாதத்திலிருந்து ஒருநாள்கூட இப்படி ஆனதில்லை. g என்றால் லோடு வண்டியின் எடை வரும். t என்றால் காலி வண்டியின் எடை. s என்றால் பக்கத்தில் இருக்கும் பிரிண்டர் கரகரவென்று எடைச் சீட்டை அடித்துத் துப்பும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் அந்தக் கம்பி ஆலையில், இந்த மூன்று எழுத்துகளைத் தாண்டித்தான் எந்த வண்டியும் வெளியே போக முடியும்.

நேற்று ஆயுத பூஜை. உருக்கும் பட்டறையிலிருந்து எடைமேடை அறை வரைக்கும் எல்லா மெஷினுக்கும் ஓய்வு. ஆதிநாராயணன் தன் கம்ப்யூட்டரையும் அணைத்து, துடைத்து, சந்தனம் வைத்திருந்தார். கீபோர்டில் எல்லா எழுத்துக்கும் பொட்டு வைக்க முடியாதே என்று, தனக்குச் சோறு போடுகிற g, t, s மூன்றுக்கு மட்டும் ஒரு துளி குங்குமம் வைத்தார். இன்று பார்த்தால் சரியாக அந்த மூன்றும்தான் வேலை செய்யவில்லை.

ஜன்னலுக்கு வெளியே எடைமேடையின் இரும்புத் தகட்டின் மேல் சின்னராசுவின் லாரி நின்றது. விஜயதசமியன்று காலையில் முதல் லோடு கேட்டைத் தாண்டிவிட வேண்டும் என்பது முதலாளி வீட்டு வழக்கம். முகப்பில் மாவிலையும் பூசணிக்காயும் கட்டிக்கொண்டு லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"இன்னா நைனா, மொத லோடே பேஜாரா?" சின்னராசு கதவைத் திறந்துகொண்டு குதித்தான்.

"பொட்டு வெச்ச மூணும் மக்கர் பண்ணுதுப்பா."

"நீ கொஞ்சமாவா வெச்சிருப்ப? உள்ள வரைக்கும் அப்பியிருப்ப. அதுக்கு மூச்சு முட்டுது."

ஆதிநாராயணன் ஈரத்துணியால் மூன்று எழுத்துகளையும் துடைத்தார். ஆனால் துடைக்கும்போதே அவருக்குத் தெரிந்தது, குங்குமம் காரணமாக இருக்க முடியாது. g தட்டினால் திரையில் g விழுகிறது. எழுத்து போய்ச் சேருகிறது. போய்ச் சேர்ந்த பிறகுதான் யாரோ அதைத் தெரியாது என்கிறார்கள். இருந்தாலும் பீரோவில் இருந்த பழைய கீபோர்டை எடுத்து, சின்னராசுவையே மாட்டச் சொன்னார். அதிலும் அதே பதில்தான் வந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு வேறொரு நினைப்பு வந்தது. கெட்டுப்போனது கீபோர்டாக இல்லாமல் இருந்தால்?

அவர் எழுந்து வெளியே போய், லாரியின் பக்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டிச் சிரித்தார். வாய் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விரிகிறதா என்று பார்த்தார். விரிந்தது. மறுபடியும் சிரித்தார்.

"இன்னா நைனா, கண்ணாடியப் பாத்து சிரிச்சிக்கினு கீற? பொண்ணு பாக்கப் போறியா?"

"ஆமாம்ப்பா, நீதான் தரகரு. போய் வண்டில ஏறு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

பிப்ரவரியில் ஒரு காலை, இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய வலது பக்கம் செயலற்றுப் போனது. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லி அனுப்பியது இரண்டு விஷயம். சந்தேகம் வந்தால் கண்ணாடி பார்த்துச் சிரியுங்கள், வாய் கோணினால் உடனே ஓடி வாருங்கள். இரண்டாவது, வலக்கைக்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள், வேலை இல்லாத கை தன்னை மறந்துவிடும்.

ஜூனில் அவர் திரும்பி வந்தபோது டிஸ்பாட்ச் மேனேஜர் தானியேல் மனசு கேட்காமல் அதே இடத்தைக் கொடுத்தார். ஒரு நிபந்தனையோடுதான். "வண்டி வரிசை கேட்டைத் தாண்டி சிப்காட் ரோட்டுக்குப் போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது ஆதி. ஸ்டோர்ஸ்ல ஒரு சேர் போட்டுக் குடுத்துடுவேன். அங்க நீ நிம்மதியா இருக்கலாம்."

ஸ்டோர்ஸில் போட்டால் சம்பளம் குறையாது. ஊரில் குத்தகைக்கு விட்ட நெல் நிலம் வேறு இருந்தது. ஆனால் ஸ்டோர்ஸில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். நாலாவது ஆளிடம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. இங்கே அப்படியில்லை. அவர் எடை சொன்னால்தான் லாரி நகரும். டிரைவர்கள் அவரிடம் கத்துவார்கள், கிண்டல் பண்ணுவார்கள், வெற்றிலை நீட்டுவார்கள். நோயாளி என்று யாரும் பார்க்காத ஒரே இடம் அந்த நாற்காலி.

ஆனால் ஒரு எடை எடுக்க அவர் அடிக்க வேண்டிய கட்டளை இவ்வளவு நீளம்:

/usr/local/edai/weigh -b 1 -m gross

அந்தச் சாய்கோடுகளும் சிறுகோடுகளும் கீபோர்டின் வலது கோடியில் இருக்கின்றன. இடது கை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடி அடித்து, ஒரு எழுத்து தவறினால் திரும்பப் பார்த்துத் திருத்தி, என்டர் தட்டுவதற்குள் வெளியே இரண்டு ஹாரன் கேட்டுவிடும். வேலைக்குத் திரும்பிய முதல் நாளில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நஜ்மா.

நஜ்மா இ.டி.பி. ரூமில் இருந்தாள். ஆலையின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவள் பொறுப்பு. பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்கிற குடும்பம். பொன்னேரி வந்து பஸ் மாறி தினமும் வருகிறவள். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. தெரிந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

அன்றைக்கு அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடியே மூன்று வரி அடித்துக் கொடுத்தாள். நீளமான கட்டளைக்கு ஒரு சின்னப் பெயர் வைக்கிற வரி. எழுத்துகளை அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னாள். மூன்றுமே இடக்கைப் பக்கம் இருக்கிற எழுத்துகளாகப் பார்த்து எடுத்தார்கள். பிறகு கீபோர்டை இடது பக்கமாகத் தள்ளி, அவருடைய வலக்கை மடங்கிக் கிடக்கும் இடத்துக்கு நேர் கீழே என்டர் வருகிற மாதிரி வைத்தாள்.

"எழுத்து இந்தக் கைக்குண்ணா. என்டர் அந்தக் கைக்கு. அதுக்கும் சம்பளம் குடுக்கறாங்க இல்ல, சும்மா படுத்துக்கினு இருந்தா எப்படி?"

ஜூனில் முழங்கையோடு சாய்ந்துதான் என்டர் விழுந்தது. ஆகஸ்டில் முஷ்டிக்கு வந்தது. இப்போது சில காலைகளில், நடுவிரலின் கணு மட்டும் தனியாக எழும்பப் பார்க்கிறது.

அந்த மூன்று எழுத்தும்தான் இன்று இல்லை. ஆதிநாராயணன் நஜ்மாவைக் கூப்பிடவில்லை. இன்டர்காம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவள் வந்து, "ண்ணா, எழுத்து g இல்லையே, வேற இல்ல வெச்சோம்?" என்று சொல்லிவிட்டால்? அவர் அந்த நீளமான கட்டளையை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடிக்க ஆரம்பித்தார்.

*

இ.டி.பி. ரூமில் இன்டர்காம் அடித்தபோது மணி பத்தரை.

"நஜ்மா, ஆதிக்கு மறுபடியும் முடியல போல இருக்கும்மா" என்றார் தானியேல். "ஒரு வண்டிக்கு அவ்ளோ நேரம் எடுத்துக்கறாரு. லைன் கேட்டுகிட்ட வந்துடுச்சு. யார்டுல இருக்கற தணிகாசலத்த வரச் சொல்லியிருக்கேன், சாப்பாட்டுக்கு அப்புறம் அவன் உக்காரட்டும். பாஸ்வேர்டு மட்டும் அவன்கிட்ட சொல்லிடு."

"நான் போய்ப் பாத்துட்டு சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டு ஓடினாள். ரமலான் நோன்பு நாள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உருட்டாலைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது.

எடைமேடை அறையில் ஆதிநாராயணன் gross என்பதன் கடைசி எழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, இன்னாத்துக்கு முழுசா அடிச்சிக்கினு இருக்கீங்க? g இன்னா ஆச்சு?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மெதுவாகக் கேட்டார். "நீ சொன்ன எழுத்து g தானாம்மா?"

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"எனக்கு g, t, s-ன்னுதான் ஞாபகம் கீது. வேற எழுத்தா? சொல்லிடும்மா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

நஜ்மாவுக்குப் புரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கீபோர்டைத் தன் பக்கம் திருப்பி, g தட்டி என்டர் அழுத்தினாள். அதே வரி வந்தது.

"பாருங்க. எனக்கும்தான் வரல. எழுத்து அதேதான். உங்க தலைல ஒரு கோளாறும் இல்ல. இது மறந்துடுச்சி."

"மெஷின் மறக்குமா?"

"நல்லா மறக்கும்ணா. நேத்து இத ஆஃப் பண்ணீங்களா?"

"பூஜைக்கு ஆஃப் பண்ணாம? எல்லாத்தயும்தான் பண்ணாங்க. உங்க ரூம்ல கீற பெரிசும்தான்."

"அதுக்கு முன்னாடி எப்ப ஆஃப் பண்ணீங்க?"

அவர் யோசித்தார். ஆஃப் பண்ணியதே இல்லை. மூன்று ஷிஃப்ட்டும் அந்தத் திரை எரிந்துகொண்டேதான் இருக்கும். ஒருவர் எழுந்தால் இன்னொருவர் அதே திரைக்கு முன்னால் உட்காருவார். கரண்ட் போனால் யு.பி.எஸ்., அப்புறம் ஜெனரேட்டர். வருஷத்துக்கு ஒருநாள், ஆயுத பூஜைக்குத்தான் அதற்குத் தூக்கம்.

"தப்பு என்னுதுதாண்ணா" என்றாள். "நம்ம கேட்டு டீக்கடைல போய் நீங்க இன்னா சொல்லுவீங்க?"

"வழக்கம்போலன்னுவேன்."

"மாஸ்டர் இன்னா குடுப்பாரு?"

"சக்கர இல்லாம, ஸ்ட்ராங்கா, அர டம்ளரு."

"நாளைக்கு அந்த மாஸ்டர் ஊருக்குப் போயிட்டு, புதுசா ஒருத்தர் வந்து நிக்கறாரு. அவர்கிட்ட வழக்கம்போலன்னா?"

"முழிப்பான்."

"அதேதான். நாம அடிக்கறத வாங்கி, அர்த்தம் பண்ணி, உள்ள சொல்லி வேலை வாங்கறதுக்கு ஒரு ஆள் உக்காந்திருக்கு இதுக்குள்ள. ஷெல்லுன்னு பேரு, நம்மகிட்ட இருக்கறது bash. ஜூன்ல நான் g-ன்னா இதுன்னு அந்த ஆள் காதுல சொன்னேன், அவ்ளோதான். எங்கயும் எழுதி வெக்கல. நேத்து நீங்க ஆஃப் பண்ணதும் அந்த ஆள் போயாச்சு. இன்னிக்கு வந்திருக்கறது புது மாஸ்டர்."

ஆதிநாராயணன் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினார். "நான் வேற இன்னான்னமோ நெனச்சிட்டேம்மா. கண்ணாடிய வேற போய்ப் பாத்தேன்."

"சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன். சின்னராசு பொண்ணு பாக்கறியான்றான்."

அவள் சிரித்துக்கொண்டே அடித்தாள்.

alias g='/usr/local/edai/weigh -b 1 -m gross'

alias என்றால் மறுபெயர். சமக்குறிக்கு இந்தப் பக்கம் சின்னப் பெயர், அந்தப் பக்கம் மேற்கோளுக்குள் நீளமான கட்டளை. சமக்குறியின் இரண்டு பக்கமும் இடைவெளி விடக் கூடாது, விட்டால் ஷெல் குழம்பிவிடும். இதே மாதிரி t-க்கும் s-க்கும். வெளியே அடுத்த லாரி மேடை ஏறியதும் அவர் g தட்டி, முஷ்டியால் என்டர் அழுத்தினார். எடை வந்தது. s தட்டினார். பிரிண்டர் கரகரத்தது.

"இதோ இப்பவே போய், புது மாஸ்டர் வந்தாலும் மறக்காத மாதிரி எழுதி வெச்சிடறேன்" என்று கிளம்பினாள்.

*

ஷெல் வேலைக்கு வரும்போது முதலில் படிக்கிற கோப்பு ஒன்று உண்டு. .bashrc என்று பெயர். பெயரின் முன்னால் புள்ளி இருப்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. ஆனால் கம்ப்யூட்டரில் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிய இடமான வீட்டு அடைவிலும் அது இருக்கும். புதிதாக வரும் டீ மாஸ்டருக்காகக் கடைக்காரர் சுவரில் ஒட்டிவைக்கும் தாளைப் போல.

நஜ்மா பெரிய கம்ப்யூட்டரின் திரையில், எடைமேடையின் பெயரான wb என்ற பெயரிலேயே உள்ளே போனாள். .bashrc கோப்பைத் திறந்து மூன்று alias வரிகளையும் சேர்த்துச் சேமித்தாள். திரையில் கட்டளை அடிக்கிற அந்த ஜன்னலை மூடிவிட்டுப் புது ஜன்னல் ஒன்றைத் திறந்தாள். புது ஜன்னல் என்றால் புது மாஸ்டர். வெறுமனே alias என்று தட்டினால், தனக்குத் தெரிந்த மறுபெயர்களை எல்லாம் ஷெல் ஒப்பிக்கும். ஒப்பித்தது. g, t, s மூன்றும் வரிசையாக வந்தன.

இன்டர்காமை எடுத்தாள். "ண்ணா, exit அடிச்சு வெளிய போயிட்டு, மறுபடியும் உள்ள வாங்க. இனிமே எப்ப வந்தாலும் இருக்கும்."

அவர் அடிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி. பிறகு என்டர் விழும் சத்தம்.

"இன்னாண்ணா?"

"நாட் ஃபவுண்டுன்னுதாம்மா வருது."

"மூணுமா?"

"மூணும். உனக்கு வருதா?"

"எனக்கு வருதுண்ணா."

"அப்ப சரி" என்றார் ஆதிநாராயணன்.

கோளாறு தன் தலையில்தான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது. வெளியே போய் உள்ளே வரச் சொன்னது அவள்தான். காலையில் காதில் சொல்லிக்கொடுத்த மாஸ்டரையும் அவளே அனுப்பிவிட்டாள்.

நாற்காலியை விட்டு எழாமல், எது எது ஒன்றுதான் என்று பார்த்தாள். கம்ப்யூட்டர் ஒன்றுதான். எடைமேடையில் இருப்பது வெறும் திரையும் கீபோர்டும்போல, கம்பி வழியாக இங்கேதான் வந்து சேருகிறது. பெயர் ஒன்றுதான். இரண்டுமே wb. கோப்பும் ஒன்றுதான். ஆனாலும் இங்கே திறந்த ஜன்னலுக்குத் தெரிவது அங்கே வருகிறவருக்குத் தெரியவில்லை.

அந்த ஆள் சுவரில் ஒட்டிய தாளைப் படிக்கிறாரா இல்லையா? அதை அவர் வாயாலேயே சொல்ல வைக்கலாம். .bashrc கோப்பின் முதல் வரியாக இதைச் சேர்த்தாள்:

echo padichachu

echo என்றால் சொன்னதைத் திரையில் அப்படியே திருப்பிச் சொல்வது. புது ஜன்னல் திறந்தாள். padichachu என்று வந்தது. உடனே எடைமேடைக்கு ஓடினாள்.

அங்கே தானியேல் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் தணிகாசலம், யாருடைய முகத்தையும் பார்க்காமல். லாரி வரிசையின் வால் கேட்டுக்கு வெளியே வளைந்திருந்தது. ஆதிநாராயணன் நாற்காலியிலிருந்து எழுந்து, சாமந்திப் பூவை மட்டும் கையில் எடுத்து வைத்திருந்தார்.

"உக்காருண்ணே, நான் அப்புறமா வரேன்" என்றான் தணிகாசலம் தரையைப் பார்த்தபடி.

"நீ உக்காருப்பா. பாவம், வண்டிக்காரங்க எவ்ளோ நேரம் நிப்பாங்க" என்றார் ஆதிநாராயணன்.

"சார், ஒரே ஒரு வண்டி" என்றாள் நஜ்மா. மூச்சு வாங்கியது. "கோளாறு ஆதி அண்ணன்கிட்ட இல்ல. என்கிட்ட. ஒரு வண்டி டைம் குடுங்க."

தானியேல் கடிகாரத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "தணிகாசலம், இந்த ஒண்ண மட்டும் நீ முழுசா அடிச்சி அனுப்பு. அதுக்குள்ள பண்ணிக்கோ."

தணிகாசலம் இரண்டு கைகளாலும் படபடவென்று அடித்து அந்த வண்டியை அனுப்பினான். ஆதிநாராயணன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் எழுந்ததும் நஜ்மா உட்கார்ந்து, exit அடித்து மறுபடியும் உள்ளே வந்தாள். padichachu வரவில்லை. ஆக இந்த ஆள் அந்தத் தாளைப் பார்ப்பதே இல்லை. அப்படியென்றால் எதைப் பார்க்கிறார்?

g தட்டினாள். காலையிலிருந்து எல்லாரும் பார்த்த அதே வரி வந்தது.

-bash: g: command not found

தன்னுடைய ஜன்னலில் தப்பாக எதையாவது அடித்தாலும் இதே மாதிரிதான் வரும், தினமும் பார்க்கிற வரி. ஆனால் அங்கே bash என்றுதான் ஆரம்பிக்கும். இங்கே முன்னால் ஒரு சிறுகோடு இருக்கிறது. இதுவரை ஏதோ அழகுக்கு என்று நினைத்திருந்தாள். அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இன்னாம்மா அது?" என்றார் ஆதிநாராயணன், பூவைக் கையில் வைத்தபடி குனிந்து.

"அதத்தாண்ணா கேக்கப்போறேன்."

man bash என்று அடித்தாள். ஷெல் தன்னைப் பற்றித் தானே சொல்லும் நீண்ட விளக்கம் அது. பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனவள் ஓர் இடத்தில் நின்றாள். ஆங்கிலத்தில் இருந்ததை அவருக்குத் தமிழில் சொன்னாள்.

"ரெண்டு வாசல் இருக்குதுண்ணா. நான் பெரிய கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே உள்ள உக்காந்துக்கினு ஜன்னல் தொறக்கறேன். அது பின்வாசல். அந்த வழியா வர்ற ஆள் .bashrc படிக்கறாரு. நீங்க வெளியிலருந்து பேரு சொல்லி, பாஸ்வேர்டு சொல்லி வர்றீங்க. அது முன்வாசல். அந்த வழியா வந்தா பேருக்கு முன்னாடி ஒரு கோடு போட்டுக்குவாராம். அவர் படிக்கறது வேற தாளு. .bash_profile."

"அப்ப நீ பின்வாசல்ல ஒட்டிட்டு, நான் முன்வாசல்ல தேடிக்கினு இருந்தேனா?"

"ஆமாண்ணா."

"கெட்டுது போ!" என்று ஆதிநாராயணன் சிரித்தார். வாய் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விரிந்தது.

.bash_profile கோப்பைத் திறந்தாள். பொதுவாக அதற்குள், பின்வாசல் தாளையும் படித்துவிடு என்று ஒரு வரி முன்கூட்டியே இருக்கும். எடைமேடையை அமைத்துக் கொடுத்த ஆள் பிரிண்டருக்காகத் தானே புதிதாக இரண்டு வரி எழுதி வைத்திருந்தார், அந்தப் பழைய வரி அதில் விட்டுப்போயிருந்தது. நஜ்மா கடைசியில் ஒரு வரியைச் சேர்த்துச் சேமித்தாள்.

"முடிஞ்சுதா?" என்றார் தானியேல். "இப்ப வரும், சரி. நாளைக்குக் கரண்ட் போயி இது நின்னா?"

நஜ்மா குனிந்து, அந்தத் திரையின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். திரை கறுத்தது. மறுபடியும் சொருகிவிட்டு எழுந்து நின்றாள்.

"நீங்க உக்காருங்கண்ணா."

அவர் பூவை மானிட்டர் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். திரை மெல்ல வெளுத்தது. தணிகாசலம் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். மேடை மேல் ஒரு ஆந்திர லாரி ஏறி நின்று ஹாரன் அடித்தது. திரை பெயரைக் கேட்டது. w, b. இரண்டும் இடக்கை எழுத்துகள். பாஸ்வேர்டும் அப்படித்தான்.

padichachu

"யாருடா இது, தமிழ்ல பேசுது?" என்றார் தானியேல்.

ஆதிநாராயணன் g தட்டினார். வலக்கை எழுந்தது. முஷ்டி பாதி வழியில் தயங்கியது, நடுவிரல் மட்டும் கொஞ்சம் முன்னால் வந்து என்டரைத் தொட்டு அழுத்தியது.

எடை வந்தது.

s தட்டினார். பிரிண்டர் கரகரத்தது. சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டினார். டிரைவர் வாங்கிக்கொண்டு ஏதோ தெலுங்கில் திட்டிவிட்டுப் போனான். அடுத்த வண்டி மேடை ஏறியது.

தானியேல் இன்னும் இரண்டு வண்டி போகிற வரைக்கும் நின்றார். பிறகு தணிகாசலத்தின் தோளில் கை போட்டு, "வா, உனக்கு யார்டுல வேலை இருக்கு" என்று கூட்டிக்கொண்டு போனார். கேட்டுக்கு வெளியே வளைந்திருந்த வால் மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

"நஜ்மா" என்றார் ஆதிநாராயணன், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "மேசை டிராயர்ல பொட்டலம் ஒண்ணு கீது. பூஜைப் பொரி. நோன்பு தொறக்கும்போது சாப்பிடு. உங்க ஊட்ல கஞ்சி வெச்சிருப்பாங்க, இருந்தாலும் பஸ்ல போவும்போது வேணும் இல்ல."

அவள் எடுத்து கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"கடைசியா ஒரு வரி போட்டியே, இன்னாம்மா அது? நாளைக்கு நீ இல்லாதப்ப யாராவது கேட்டா நான் சொல்லணும் இல்ல."

நஜ்மா ஸ்டூலில் மறுபடியும் உட்கார்ந்து அவருக்கு நிதானமாகச் சொன்னாள். மறுபெயர்கள் மூன்றும் .bashrc கோப்பில் இருக்கின்றன. வெளியிலிருந்து பெயர் சொல்லி உள்ளே வரும் ஷெல் .bash_profile கோப்பைத்தான் படிக்கும். அதனால் .bash_profile கோப்பின் கடைசியில், .bashrc கோப்பையும் இப்போதே படி என்று சொல்லும் இந்த வரியைச் சேர்த்திருக்கிறாள். படி என்பதற்கு ஒரு புள்ளி, ஓர் இடைவெளி, வீட்டு அடைவைக் குறிக்கும் அலைக்கோடும் சாய்கோடும், பிறகு கோப்பின் பெயர்:

. ~/.bashrc